தேரை விழுந்த பிள்ளை

போன வாரம்தான் பக்கவாட்டில் தையல் போட்டுச் சுருக்கிய சட்டை, இன்று மறுபடியும் குண்டனின் தோளிலிருந்து நழுவி விழுந்தது. அவனைப் பெற்ற தையல்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கொழுகொழுவென்று பிறந்ததால் குண்டன் என்று கூப்பிட்ட பிள்ளை. இரண்டு வயதில் விலா எலும்பெல்லாம் துருத்திக்கொண்டு நிற்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடத்தான் செய்கிறான். மருத்துவமனையில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"தேரை விழுந்திருக்கு அண்ணி," என்றாள் நாத்தனார், குரலைத் தாழ்த்தி. "தேரை மோந்த தேங்காய் மாதிரி உள்ளுக்குள்ள ஒண்ணும் மிஞ்சாது. வீட்டுக்குள்ளதான் எங்கயாவது இருக்கும், தேடிப் பாருங்க."

இருந்தது. கட்டிலுக்கடியில், வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகளுக்குள், ஈர மண் வாசனையோடு, உப்பிய வயிறும் சொரசொரத்த முதுகுமாக, ஆள் வந்தும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. கணவன் அதை வாளியில் அள்ளினான். அது அவளையே பார்த்தது. அவள் வாளியின் விளிம்பைப் பிடித்தாள்.

"வேணாங்க, பாவமா இருக்கு."

"பிள்ளை உயிரு போயிட்டிருக்கு. உனக்குத் தேரை மேல பாவமா?"

வீட்டுக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் வாளியைக் கவிழ்த்துவிட்டு வந்தான்.

அன்றிலிருந்து குண்டன் தேறினான். கன்னம் உப்பியது. கணவனுக்குத் தலைகால் புரியவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. அணைத்தால் பிள்ளையின் உடம்பு சில்லென்றிருந்தது. எவ்வளவு போர்த்தினாலும் சூடு ஏறவில்லை. அம்மா என்று ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. விளக்கடியில் குந்திக்கொண்டு, இமைக்காமல், சுவரில் ஊரும் பூச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவனைக் கொஞ்சம் நல்லாப் பாருங்களேன்."

"பாத்துட்டுத்தான் இருக்கேன். நீதான் பெத்த பிள்ளையைத் தொடவே மாட்டேங்குற."

ஒரு மாலை மழை பிடித்துக்கொண்டது. கூரைத் தகரத்தில் சடசடத்துக் கொட்டி ஓய்ந்ததும், வாய்க்கால் பக்கமிருந்து தேரைகளின் கத்தல் எழுந்து, சன்னல், சுவர், தரை எல்லாவற்றிலும் அதிர்ந்தது. தையல் எந்திரத்தை மிதித்துக்கொண்டிருந்தவளின் கால் நின்றது.

அந்தக் கத்தலுக்குள் ஒரு குரல். சன்னமாக. மழலையாக.

"ம்மா."

வாளியில் போனது யார் என்று அப்போது அவளுக்கு விளங்கிவிட்டது.

ஓடினாள். வாய்க்காலில் இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர் இழுத்தது.

"குண்டா! எங்கடா இருக்க? அம்மா வந்துட்டேன்டா!"

கத்தல் சட்டென்று அடங்கியது. கரை நெடுக, கல்லிலும் சேற்றிலும் வேரிலும், நூற்றுக்கணக்கான தேரைகள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

"ம்மா."

"ம்மா."

"ம்மா."

ஒவ்வொன்றும் ஒரு பிள்ளையின் குரல். யார் யார் பெற்ற பிள்ளைகளோ. அவனுடைய குரல் மட்டும் வெகுதூரத்தில், வெள்ளத்தோடு போய்க்கொண்டிருந்தது.

அவள் அந்தத் திசையில் ஓர் அடி வைத்தாள். முடியவில்லை. கரையிலிருந்தவை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் குதித்து வந்து, சின்னஞ்சிறு கைகளால் அவள் துணியைப் பற்றிக்கொண்டு, இடுப்பில் ஏறத் தொடங்கியிருந்தன.