பனங்கூடல் வைரவர்

ஆதிகாலந்தொட்டு இந்தப் பனங்கூடலைக் காத்துவருபவர் வைரவப் பெருமான். பனங்கூடல் பாதுகாப்புச் சங்கத் தலைவர் நமசிவாயம் மாஸ்டர் மின்சாரப் பொறியியலாளர்களிடம் கண்ணை மூடிக் கைகூப்பி அப்படித்தான் சொன்னார். பெருமான் அங்கே வந்தது போன வைகாசியில். சூலம் சுன்னாகத்து இரும்பு ஒட்டுவேலைக் கடையில் செய்தது. பழசாகத் தெரியட்டும் என்று உப்புத்தண்ணீர் தெளித்துத் துருவேற்றியவர் மாஸ்டர்.

பொறியியலாளர்கள் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆனால் திரும்பி வருவார்கள். விளக்கில்லாத வைரவரைக் கண்டால் கதை வெளிக்கும். உயர் அழுத்த மின்கம்பி போக ஊரின் பனை அத்தனையும் விழும். ஆகவே முறை வைத்து விளக்கேற்றுவதென்று கூட்டத்தில் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நோ வர, அன்றிலிருந்து மாஸ்டர் தனியே ஏற்றிவருகிறார். அவருக்கும் இடுப்பு நோ.

ஒருநாள் பொழுதுபடச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனபோது விளக்கு ஏற்கனவே எரிந்துகொண்டிருந்தது.

மாஸ்டருக்கு முதலில் நிம்மதிதான். செயலாளர் பஞ்சலிங்கத்துக்குப் போன் எடுத்தார்.

“நீரோ விளக்கு வைச்சனீர்?”

“நானோ? முழங்கால் நோவிலை படுத்துக் கிடக்கிறன் அண்ணை. வைரவரே ஏத்தியிருப்பார். உங்கடை ஆள்தானே!”

மாஸ்டர் களைத்துப்போய்ச் சூலத்துக்கு முன்னால் குந்தினார்.

“அப்ப நல்லது, பெருமானே. நாளையிலிருந்து நான் வரேல்லை. காவலுக்கு வேறை ஆளைப் பாரும்.”

காற்று நின்றது. காற்று நின்ற பிறகும் காய்ந்த ஓலைகள் ஒரு பனையிலிருந்து அடுத்த பனைக்கு, யாரோ தோளால் உரசிக்கொண்டு நடப்பதுபோல, அவரைச் சுற்றிச் சரசரத்துக்கொண்டு வந்தன. கூடவே வாடைகள் வந்தன, விழுந்து அழுகிய பனம்பழம், அதன்கீழ் ஈரமண், மண்ணில் எப்போதோ நடந்துபோன பொறியியலாளர்களின் கால் வியர்வை, உடுவில் பக்கம் ஏதோ ஒரு அடுக்களையில் தாளிக்கும் வெங்காயம், எல்லாம் தனித்தனியாக. இவ்வளவு தூரத்து வாடை மனிதனுக்கு வராது.

எழுந்தார். சைக்கிளைத் தள்ளினார். பாதை வளைந்து சூலத்துக்கே வந்தது. மற்றப் பக்கம் போனார். சூலம்.

போன் அடித்தது. மனைவி நாகேஸ்வரி.

“என்னப்பா, பிட்டு ஆறுது. எங்கை நிக்கிறியள்?”

“இஞ்சேர், எனக்குப் பாதை பிடிபடேல்லை. ஆரையும் கூட்டிக்கொண்டு கெதியா வாரும்!”

“ஆரின்ரை நாயப்பா உது? போனுக்குக் கிட்ட நிண்டு குலைக்குது. நீங்கள் கதைக்கிறது ஒண்டும் கேக்கேல்லை. அதைக் கலையுங்கோ!”

அங்கே நாய் இல்லை.

மறுபடியும் சொன்னார். தொலைவில் மனைவி “அடிக், அடிக்” என்று நாயைக் கலைத்தாள். தொடர்பு அறுந்தது. சூலம் நட்டார்கள், கல் வைத்தார்கள், பொட்டும் இட்டார்கள். வைரவரின் வாகனத்தைப் பற்றிக் கூட்டத்தில் ஒருவரும் கதைக்கவில்லை.

சூலத்துக்குப் பின்னால் இருட்டு எழுந்து நின்றது. பனை உயரம். மூச்சு.

ஓடவேண்டும். கால் வரவில்லை. கைகள் மண்ணில் ஊன்றியிருந்தன. தான் தலைவர் என்று சொல்லப் பார்த்தார். தான்தான் நட்டது என்று. தொண்டையில் உறுமல்.

மேலிருந்து ஒரு கை இறங்கியது. சுட்டது. பிடரியைத் தடவியது.

நமசிவாயம் மாஸ்டர் வாலை ஆட்டினார்.