சாயத்தில் மறையாத கோடு

நான்காவது ரோலிலும் அந்தக் கோடு இருந்தது.

செக்கிங் மேஜையின் கண்ணாடிக்கு அடியில் டியூப்லைட் எரிய, அதன்மேல் வெள்ளைப் பனியன் துணி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. துணியின் நடுவே முடி கனத்தில் ஒரு கோடு. நிட்டிங் மெஷினில் இருக்கிற ஆயிரக்கணக்கான ஊசிகளில் ஒன்று கெட்டாலும் போதும், அது பின்னுகிற இடமெல்லாம் துணி முடிகிற வரைக்கும் இப்படித்தான் விழும். நீடில் லைன் என்பார்கள். ஆனால் இந்த நான்கு ரோலும் நான்கு வேறு மெஷினில் ஓடியவை. கோடு மட்டும் ஒரே இடத்தில்.

மருதாள் மேஜையை நிறுத்திவிட்டு ஃபிட்டர் அருள்குமாரைக் கூப்பிட்டாள். அவன் துணியை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, இழுத்துப் பார்த்தான்.

"துணி பளிங்காட்டம் இருக்குதுங்க மருதக்கா. உங்க கண்ணுல தான் ஊசி ஒடஞ்சிருக்குது."

சிரித்துக்கொண்டே போய்விட்டான். இருபத்தாறு வருஷமாக அருள்புரம் பனியன் கம்பெனியில் துணி பார்க்கிற கண் அவளுடையது. அவள் குனிந்து மறுபடி பார்த்தாள். இருந்தது. சத்தமும் இருந்தது. மெஷின் ஹாலில் வேலை செய்கிறவர்களுக்கு வீட்டுக்குப் போன பிறகும் காதுக்குள் அந்தச் சரசரப்பு ஓடிக்கொண்டிருக்கும், அது எல்லாருக்கும் உள்ளதுதான். இது காதில் இல்லை. வலது இடுப்பெலும்புக்குள்ளிருந்து வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊசி விட்டு மஜ்ஜை எடுத்த இடம்.

தம்பி தங்கதுரைக்காக எடுத்தது. அவனுக்கு ரத்தத்தில் வந்த நோய்க்கு, அவன் எலும்புக்குள் இருந்ததையெல்லாம் மருந்து விட்டுச் சாகடித்து, காலியான இடத்தில் அக்காவின் மஜ்ஜையை விட்டார்கள். பிழைத்துக்கொண்டான். ரத்த குரூப்கூட அவளுடையதாக மாறிப்போனது. என் உடம்பில் ஓடுவது பூராவும் எங்கக்கா ரத்தம் என்று டீக்கடையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்வான். வருஷா வருஷம் அந்தத் தேதியில் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுப்பான்.

மஜ்ஜை எடுப்பதற்கு முன்னால் நடந்த ஒன்று அவனுக்குத் தெரியாது. அவளுடைய ரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் அளவு லேசாகத் தப்பியிருப்பதாகவும், இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்துவிட்டு வரும்படியும் நர்ஸ் போன் செய்தாள். அங்கே தம்பி கிழிந்த துணியாகக் கிடந்தான். இங்கே கம்பெனியில் ஷிப்மென்ட் நெருக்கடி. பக்கத்து லேப்பில் பார்த்தாயிற்று, எல்லாம் சரியாக இருக்கிறது என்று, எந்த லேப்புக்கும் போகாமலே, மருதாள் போனில் சொல்லிவிட்டாள். அவசரத்தில் மெல்லிய கோடு விழுந்த ரோலுக்கு, சாயத்தில் மறைந்துவிடும் என்று சொல்லி, துணி பாஸ் என்பதற்கான பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங்கில் உள்ள வழக்கம். அவளும் நூற்றுக்கணக்கில் ஒட்டியிருக்கிறாள். சாயம் ஏறிய பிறகுதான் கோடு பளிச்சென்று தெரியும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

தம்பிக்கு மறுபடி உடம்பு முடியாமல் போகவே, போன வாரம் கோயம்புத்தூரில், இருவரின் ரத்தத்தையும் சோதித்த டாக்டர் பிரிசில்லா அவளை மட்டும் முதலில் உள்ளே கூப்பிட்டார்.

"எலும்புக்குள்ள ரத்தத்தை உண்டாக்குற தாய்ச்செல் நெறைய இருக்கும்மா. வயசாக ஆக, அதுல ஒண்ணு தானா மாறிப்போயி, தன்னை மாதிரியே பெருகும். அது நோயில்ல. வயசானவங்க நெறைய பேருக்கு அது இருக்கறதே தெரியாது. உங்க ரத்தத்துல நூத்துக்கு நாலு செல்லு அப்படி. அது பாட்டுக்குத் தூங்குது."

"தம்பிக்குங்க?"

"எழுபத்தொண்ணு. அவருகிட்ட எடம் காலியா இருந்துச்சு. அங்க போயி வளந்து, இப்ப கெட்ட பக்கமா திரும்பிடுச்சு. அது அவருக்குள்ள பொறந்தது இல்லம்மா. உங்களோடது."

வேறு ஆளிடம் மஜ்ஜை கிடைக்குமா என்று உடனே தேட வேண்டும், தள்ளிப்போட நாள் இல்லை என்றார். அவனிடம் நானே சொல்கிறேன், நாளைக்குக் கூட்டிவருகிறேன் என்று மருதாள் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளை உட்காரவைத்துவிட்டு, டாக்டர் என்ன சொன்னார் என்று தம்பி கேட்டான். சொன்னால் அந்தப் பொய்யிலிருந்து சொல்ல வேண்டும்.

"எல்லாம் சரியாத்தேன் இருக்குது கண்ணு."

அந்த ‘நாளை’ வந்தது. போனது. டாக்டரின் போன் வந்தபோதெல்லாம் அவள் எடுக்கவில்லை.

அவள் சாப்பாடு போடக் குனிந்தால் தம்பியின் முதுகிலிருந்து சரசரப்பு கேட்டது. அவளுக்குள் ஓடுவது ஒற்றை ஊசி. அவனுக்குள் முழு மெஷின். அவன் நிறம் தினமும் வெளிறியது, ப்ளீச்சிங்கில் போட்டெடுத்த துணியைப்போல. பத்து நாளாக வேலைக்குப் போகாதவன் பக்கத்தில் மெஷின் எண்ணெயும் பஞ்சுத்தூசும் மணத்தன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கம்பெனியில் யாரும் இல்லை. மிச்சமிருந்த ரோல்களை முடிக்க மருதாள் மட்டும் வந்திருந்தாள். கடைசி ரோலை இறக்கிவிட்டு மேஜையை நிறுத்தினாள். கண்ணாடி விளக்கு மட்டும் எரிந்தது. அவளுக்குச் சாப்பாடு போட்ட தூக்குப்போசியோடு தங்கதுரை வந்தான். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சட்டையைக் கழற்றினான்.

"முதுகுல என்னமோ ஓடறாப்புலயே இருக்குதுங்கக்கா. வெளிச்சத்துல பாருங்க. உங்க கண்ணுக்குத் தப்புங்களா?"

கண்ணாடிமேல் குப்புறப் படுத்தான்.

உடம்பு வெளிச்சத்தை மறைக்கவில்லை.

வெளிச்சம் அவன் வழியாக வந்தது. முதுகு முழுக்கக் கண்ணிகள். வரிசை வரிசையாக. சின்னச் சின்ன வளையங்கள், ஒன்றுக்குள் ஒன்று. நடுவில் கோடு. இல்லை, கோடுதான் முதுகு. இரண்டு ஓரத்திலும் விரல் அகலம் மட்டும் மிச்சம். கோட்டுக்குள் கண்ணிகள் அவிழ்ந்து அவிழ்ந்து மறுபடி பின்னிக்கொண்டன. நிற்கவில்லை. கீழே போய்க்கொண்டே இருந்தது.

"ஏனுங்கக்கா, எதாச்சும் தெரியுதுங்களா?"

இப்போது சொல்ல வேண்டும். வாய் திறந்தாள். கை அதற்கு முன்னால் போய்விட்டது. இருபத்தாறு வருஷம் பழகிய கை. பச்சை ஸ்டிக்கரை உரித்தது. அவன் பிடரியில் ஒட்டியது.

"ஒண்ணுமில்ல கண்ணு."

"அதானே," என்று அவன் சிரித்தான்.

ரோலர் சுற்ற ஆரம்பித்தது. அவள் சுவிட்சைத் தொடவில்லை. அவன் பிடரியிலிருந்து ஒரு விளிம்பு கிளம்பி, ஸ்டிக்கரோடு, ரோலரில் ஏறியது. அவன் வலிக்கிறது என்று சொல்லவில்லை. கன்னத்தைக் கண்ணாடியில் வைத்துச் சிரித்தபடியே கிடந்தான். மேஜையின் மீட்டரில் எண் நகர்ந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. வெள்ளையாக, ஈரமாக, முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தது. நடுவில் கோடு.

அவள் கை அடுத்த ஸ்டிக்கரை உரித்தது.