லவீனியாவின் மரம்

மூவாயிரம் வயது மரத்துக்கு ஒருவர் தன் மனைவியின் பெயர் வைக்க என் விலை ஐந்து டாலர். கலிபோர்னியா மலையில் செக்கோயா என்னும் ராட்சத மரங்களின் தோப்பைக் காக்க அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. மரத்தில் ஆணி அடிக்கக் கூடாதென்று சட்டமும் கொடுத்தது. சம்பளம் சின்னது. சட்டம் தொலைவில், தலைநகர் சாக்ரமென்டோவில் இருந்தது.

1889 நவம்பரில், முதல் பனி விழுந்த மறுநாள் மதியம், அல்மீடா என் குடிசைக்கு வந்தாள். மர ஆலைக்காரர் ஹார்லனின் இரண்டாம் மனைவி. கையில் தன் பெயர் பொறித்த தகரத் தகடு. முதல் மனைவி லவீனியா இறந்தபோது, அவள் பெயர்த் தகட்டை ஒரு மரத்தில் நான்தான் அடித்துக் கொடுத்தேன். ஞாயிறுதோறும் ஹார்லன் அந்தப் பட்டையில் நெற்றியைச் சாய்த்து நிற்பாராம். வீடு திரும்பினால் அன்று முழுக்கப் பேச்சே இருக்காதாம்.

“அவளுக்குத்தான் கல்லறை இருக்கே. மரமும் எதுக்கு?” என்றாள்.

செத்தவர்களோடு போட்டி வேண்டாம், அவர்களுக்கு வயதே ஏறாது என்றேன்.

“காசு வாங்கி ஆணி அடிக்கிற ஆளு, பாதிரியார் மாதிரி பேசாதீங்க.”

கழற்ற ஐந்து, அடிக்க ஐந்து என்றேன். பேரம் எட்டில் முடிந்தது.

தோப்புக்குள் நம் காலடி நமக்கே கேட்காது. ஒன்றரை அடி தடித்த பட்டை எல்லாச் சத்தத்தையும் குடித்துவிடும். பழைய தகட்டைக் கழற்றினேன். ஆணித் துளைகளில் சிவப்புத் தூள் கசிந்தது. புதியதை வைத்து, கடைசி ஆணிக்கு நான்கு அடி கொடுத்தேன்.

உள்ளிருந்து நான்கு அடி திரும்பி வந்தது.

மரங்கொத்தி என்று முணுமுணுத்தேன். அல்மீடா கவனிக்கவில்லை. கணவர் நிற்கும் அதே இடத்தில் நெற்றியை வைத்தாள்.

“இனிமே அவரு எனக்குத்தான்டி.”

தகடு பனியில் விழுந்தது. ஆணிகள் வளையவில்லை. உள்ளிருந்து யாரோ தள்ளியதுபோல் நேராகக் கிடந்தன.

“பெரிய ஆணியா கொண்டாங்க. நான் இங்கேயேதான் நிப்பேன். என்னை நகத்த அவளால முடியாது.”

குடிசைக்குப் போய்வரக் கால் மணி நேரம்.

திரும்பி வந்தபோது அவள் கால்தடம் மட்டும் மரத்தின் முன் நின்றிருந்தது. அங்கிருந்து எங்கும் போகவில்லை.

ஷெரீப்பின் ஆட்கள் மூன்று நாள் தேடினார்கள். நான் ஆணியைப் பற்றி வாய் திறக்கவில்லை.

ஜூனில் பனி உருகியதும், வழக்கம்போல் பெரிய மரங்களை எண்ணி அறிக்கை எழுதப் போனேன். லவீனியாவின் மரத்துக்கு முன்னால், ஹார்லன் நெற்றி சாய்க்கும் இடத்தை அடைத்துக்கொண்டு, இன்னொரு மரம். இருநூறு அடி உயரம். அடிப்பட்டையில் என்றோ எரிந்த காட்டுத்தீயின் கரி.

மூன்று முறை எண்ணினேன்.

சென்ற ஆண்டு நூற்று மூன்று. விழுந்தது இல்லை. முளைத்தது இல்லை. இந்த ஆண்டு நூற்று நான்கு.