ஊசி நேராக நிற்கும் இடம்

இசைத்தட்டின் வெளி ஓரத்தில் ஊசி இறங்கியதுமே, பாட்டு தொடங்குவதற்கு முன்னால், யாரோ மூச்சுக்குத் திணறுகிற சத்தம் கேட்டது. அது அங்கே இருக்கக் கூடாது. தட்டின் கடைசியில், லேபிளை ஒட்டித்தான் இருக்க வேண்டும். அந்தத் தட்டில் ஒலியைப் பள்ளமாக வெட்டிப் பதித்தவனே அவன்தான், அவனுக்குத் தெரியாதா?

"ஏன் மாப்பிள்ளை நிறுத்திட்டீங்க?"

"பிளேயர் கை இன்னும் சரியா உக்காரல அத்தை. கொஞ்சம் பொறுங்க."

மாமியார் நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை கட்டி நின்று, பகலிலேயே அறை இருட்டியிருந்தது. பிளேயரிலிருந்து சூடான ரப்பர் வாசனை அடித்தது.

அவன் மனைவி பாடுகிறவள். பின்னறையில் அவளைப் பாட வைத்து, அந்தக் குரலை நேராகத் தட்டில் வெட்டுவான். ஒருநாள் பாடி முடித்ததும், இனி இவனோடு வாழ முடியாது, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்றாள். அவன் வெளியே வந்து கதவைப் பூட்டினான். அவளுக்கு ஆஸ்துமா. இன்ஹேலர் இவன் சட்டைப் பையில் இருந்தது. உள்ளே கதவு தட்டுகிற சத்தம் ஓயும்வரை நின்றான், பாவி. வெட்டும் இயந்திரத்தை நிறுத்தாமல் வந்துவிட்டது பிறகுதான் உறைத்தது. அதற்குள், மகளின் கடைசிப் பாட்டு என்று தட்டை மாமியார் எடுத்துக்கொண்டாள். மகள் தனியாக இருந்தபோது இறந்தாள் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

அவனைக் காப்பாற்றியது மாமியார் வீட்டு பிளேயரில் ஊசியைத் தாங்கும் குட்டைக் கைதான். ஒலியை வெட்டும் ஊசி நேர்கோட்டில் போகும். பிளேயரின் கையோ கீலில் ஆடும் கதவைப் போல வளைந்துதான் வரும். அதனால் தட்டில் இரண்டே இடங்களில்தான் ஊசி பள்ளத்துக்கு நேராக நிற்கும், மற்ற இடங்களில் கோணும். கை குட்டையாக இருந்தால் கோணல் அதிகம். பள்ளங்கள் நெருக்கியடிக்கும் கடைசியில் கரகரப்புத்தான் மிஞ்சும்.

"பாட்டு முடிஞ்சப்புறம் என்ன மாப்பிள்ளை இரையுது?" என்று அவள் கேட்டபோது, பெரிய மேதாவி போல இதையெல்லாம் விளக்கினான். நீளமான கை என்றால் கோணல் குறையும் என்றும் சொல்லிவைத்தான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான். அடுத்த வாரமே நீளக் கையை வாங்கி அவன் முன்னால் வைத்தாள்.

"என் பொண்ணு கடைசியா என்ன சொன்னான்னு தெளிவா கேக்கணும். நீங்களே மாட்டுங்க."

மாட்டினான், வேண்டுமென்றே தப்பாக. ஊசி முனையை அரிசி நீளம் பின்னால் இழுத்தான். நேர் இடங்களில் ஒன்று லேபிள் காகிதத்துக்குள் போனது. மற்றது வெளி ஓரத்துக்கு நகர்ந்தது. முடிவு மறுபடி கரகரக்கும் என்று கணக்குப் போட்டான்.

இப்போது அந்த மூச்சு வெளி ஓரத்துக்கு வந்திருந்தது.

மறுபடி ஊசியை வைத்தான். "கதவத் திறங்க." காதுக்குள் பேசுவது போல அத்தனை தெளிவு.

வெடுக்கென்று தூக்கினான். மாமியாருக்குக் கேட்டதா? கேட்காமலா இருக்கும்? ஊசி எங்கே நேராக நிற்கிறதோ அங்கே செத்தவள் வந்து பேசுகிறாள். அப்படியானால் நேரான இடமே தட்டில் இருக்கக் கூடாது. திருகைத் தளர்த்தினான். விரல் வழுக்கியது. இன்னும் பின்னால் இழுத்தான். இன்னும். ஓரத்திலிருந்த நேர் இடம் தட்டையே தாண்டிப் போய்விட்டது. இனி அங்கே பள்ளம் இல்லை. வெறும் காற்று.

ஊசி இறங்கியது. மூச்சு இல்லை. குரல் இல்லை. பாட்டு மட்டும். அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பாத்தீங்களா அத்தை..." என்று சொல்ல வாயெடுத்தான்.

வேறு குரல் வந்தது.

"அம்மா."

அவன் வாயிலிருந்து. மனைவியின் குரல். உதடுகளை அழுத்தி மூடினான். தாடை தானாகத் திறந்தது. நெஞ்சு இறுகியது. மூச்சு வெளியே போனது, உள்ளே வரவில்லை.

"இன்ஹேலர் இவர் பையில இருந்துச்சும்மா. கெஞ்சினேன். வெளியவே நின்னாரு."

மாமியார் எழுந்து வந்தாள். அழவில்லை. அவன் வாயருகே காதைக் கொண்டுவந்தாள். அவன் தரையில் சரிந்தான். அவளோ அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"நல்லா கேக்குது கண்ணு," என்றாள். "இன்னொரு தடவை சொல்லும்மா."

நீளக் கையைப் பிடித்து, சுழலும் தட்டைத் தாண்டி வெளியே நகர்த்தினாள். ஊசி காற்றில் நின்றது. நேராக. தரையில் கிடந்தவனின் முகம் நீலம் பாரித்திருந்தது. மூச்சே இல்லாத அந்த வாய் மெல்லத் திறந்தது.