மினோஹாரா கோட்டைத் தூண்

மினோஹாரா கோட்டையின் பிரபு கனெதோகி தினமும் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் அம்பு பட்டுச் சாவார். புதன்கிழமை விடுமுறை. கி.பி. 2231இல் ஜப்பானின் பழைய கோட்டை ஒவ்வொன்றிலும் ஒரு ‘மீளுரு’ உண்டு. அங்கே வாழ்ந்து மறைந்தவரின் முகமும் குரலும் நினைவும் ஏற்றிய இயந்திரம் அது. கர்வத்தையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள். ஏற்றியவன் கையை உடைக்க வேண்டும்.

ஏனென்றால், சட்டப்படி ஓர் இடத்துக்கு ஒரு மீளுருதான். சனங்கள் யாரைத் தேடி வருகிறார்களோ அவருக்கே மின்சாரம், மற்றவரை அணைத்துவிடுவார்கள். போன மாதம் பிரபுவின் சாவுக்கு வந்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் கழிப்பறைக்கு வழி கேட்டு வந்தவர்கள்.

“இன்னும் கொஞ்சம் சத்தமா சாகட்டுமா?” என்று பிரபு கோட்டை மேலாளர் மிசாகியிடம் கேட்டார். பாவம்!

அந்த வாரம்தான் திருமங்கலத்திலிருந்து சௌந்தரபாண்டியும் அவர் மனைவி வளர்மதியும் சுற்றிப்பார்க்க வந்தார்கள். மூன்று மணிச் சாவு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாண்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. வீட்டுச் சாவியை எடுத்து, அறுநூறு வயதுத் தூணில் கீற ஆரம்பித்தார்.

“என்னங்க பண்றீங்க? புடிச்சு உள்ள போட்டுருவாய்ங்க!”

“வந்ததுக்கு அத்தாட்சி வேணாமாடி? படத்தக் காட்டுனா மெஷின் வரைஞ்சதும்பாய்ங்க. நீ மறைச்சு நில்லு.”

இரண்டு பெயரையும் ஊரையும் எழுதி, சுற்றி ஓர் இதயமும் போட்டார்.

பிரபு பாதிச் சாவில் எழுந்து ஓடிவந்தார். “இவன் தலையச் சீவுங்க!” அவர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! உத்தரவு போட்டு எத்தனை காலமாயிற்று! மிசாகி பதறிப்போய்த் தொல்லியல் ஆய்வாளரை அழைத்தாள்.

ஆய்வாளர் தூணை ஒருமுறை பார்த்தார். அப்படியே மண்டியிட்டுவிட்டார்.

“கையெழுத்து! மனுசன் கையால எழுதினது!”

நினைத்ததை மூளைச் சில்லே எழுதிவிடுகிற காலம் அது. கையால் எழுதுகிற பழக்கம் உலகத்தை விட்டுப் போய்த் தொண்ணூறு ஆண்டுகள். சுவரைக் கண்டால் கீறுகிற பழக்கம் மட்டும் நம் ஆட்களை விட்டுப் போகவில்லை.

அடுத்த மாதம் அந்தத் தூணைப் பார்க்க இரண்டு லட்சம் பேர் வந்தார்கள். சுற்றிலும் கயிறு கட்டினார்கள். ஊரில் உயிரோடு இருந்த பாண்டிக்கே மீளுரு தயாராகிப் பெட்டியில் வந்து இறங்கியது. பிரபுவை அன்று மாலையே அணைக்கச் சொல்லி ஆணையும் வந்தது.

“முந்நூறு பேரோட இந்தக் கோட்டைக்காகச் செத்தேன், மிசாகி. என் பேரு எங்கயாவது இருக்கா?” என்றார் பிரபு. சொல்லும்போதே அழுதுவிட்டார். பிறகு கயிற்றைத் தாண்டி, வாளை உருவி, அந்த இதயத்துக்குக் கீழே தன் பெயரைச் செதுக்கினார்.

மிசாகி அலறினாள். ஆய்வாளர் விழுந்தடித்து ஓடிவந்து, அரக்கை அப்பி அந்தப் பெயரை மறைத்தார்.

“வரலாற்றுச் சின்னத்துல கிறுக்குறீங்களே, கொஞ்சமாவது அறிவு இருக்கா?” என்று திட்டிவிட்டு, பிரபுவின் விசையை அணைத்தார்.