வெளிச்சத்தில் காட்டாத பை

ஜார்ஜ்டவுனில் பழைய மாளிகை ஒன்றை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதன் இரத்த வங்கிக்குப் புஷ்பராணி மாற்றலாகி வந்தது ஒரு திங்கட்கிழமை நண்பகல். வெளியே வெயில் கொதித்தது. உள்ளறைக் கதவைத் தொட்டதும் விரல்கள் விறைத்தன.

உள்ளே பிளேட்லெட் எனும் இரத்தத் தட்டணுப் பைகளைத் தாலாட்டும் இயந்திரம் முனகியது. அதற்கடியில் இன்னொரு சத்தம்.

குளிரில் பற்கள் கிடுகிடுக்கும் சத்தம்.

தலைமை ஆய்வாளர் விஸ்வலிங்கம் வானொலியை உரக்க வைத்தார். அவர் முன்னால் கிடந்த சோதனைத் தாளில் வரப்போகும் வெள்ளிக்கிழமை வரை கையெழுத்து போட்டாகிவிட்டது.

"சார், பார்க்காமலேயா போட்டீங்க?"

"பத்து வருஷமா அப்படித்தான்லா. ஒவ்வொரு பையா வெளிச்சத்துல காட்டிட்டு நிக்க, நான் என்ன பசார்ல முட்டையா விக்கிறேன்?"

நல்ல பையை வெளிச்சத்தில் அசைத்தால் உள்ளே பட்டு புரள்வதுபோல் மினுங்கும். கிருமி புகுந்தால் மினுக்கம் செத்துவிடும். அரை நிமிட வேலை. முகம் தெரியாத ஒரு நோயாளிக்குச் செய்யக்கூடிய மிகச் சிறிய அன்பு. அதைக்கூட இந்த மனிதர் கொடுக்கவில்லை.

"உள்ள என்ன சத்தம் சார்?"

அவர் முகம் வெளுத்தது. "போன மாசம் வடிவம்மாள்னு ஒருத்தங்க. பை ஏத்தின அரை மணியில நடுங்க ஆரம்பிச்சாங்க. சாயந்தரம் போய்ட்டாங்க. ஃபைல்ல காய்ச்சல்னு இருக்கு. அதிலருந்து நான் உள்ள போறதில்ல."

"அந்தப் பையை யாரு பார்த்தது?"

அவர் வானொலியைத் திருகினார்.

தொலைபேசி அலறியது. வார்டிலிருந்து தாதி ருக்குமணி. "அக்கா, சித்தி ஆயிஷான்னு ஒரு மலாய்ப் புள்ள, ஏழு வயசு, டெங்கி. மூக்குல இரத்தம் நிக்கல. சீக்கிரம் பை அனுப்புங்க."

"முதல் பையைக் கொடும்மா. கையெழுத்துதான் இருக்கே" என்றார் விஸ்வலிங்கம்.

புஷ்பராணி உள்ளே போய் முதல் பையைத் தொட்டாள்.

இயந்திரம் நின்றது.

பற்களின் சத்தம் காதோரம் வந்தது. மூலையில் யாரோ குறுகி நடுங்குவது தெரிந்தது.

ஓடியிருப்பாள். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. முருகனை நினைத்துக்கொண்டு தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.

"போத்திக்குங்க அக்கா. நான் பார்க்கிறேன்."

சத்தம் அடங்கியது.

சன்னலில் பிடித்த பை மினுங்கவில்லை. ஒரு துளி எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தாள். கொத்துக் கொத்தாக நீலப் புள்ளிகளாய்க் கிருமிகள்.

பையை விஸ்வலிங்கத்தின் மேசைமேல் வைத்தாள். "இதைத்தான் அந்தப் புள்ளைக்கு ஏத்தச் சொன்னீங்க."

"தாளைக் கிழிச்சுப் போட்டுடும்மா. எனக்குப் பென்ஷன் இருக்கு."

"வடிவம்மாளுக்கு என்ன சார் இருக்கு? கிழிக்க மாட்டேன். பெரிய டாக்டர்கிட்ட கொண்டு போறேன்."

இரண்டாவது பை பட்டாய் மினுங்கியது. துளியும் சுத்தம். அதை அனுப்பினாள்.

ஒரு மணி நேரத்தில் ருக்குமணி மீண்டும் அழைத்தாள்.

"புள்ளைக்கு இரத்தம் நின்னுடுச்சு அக்கா. நீங்க அனுப்பின அம்மாவ எப்ப திரும்பக் கூப்பிடுவீங்க?"

"எந்த அம்மா?"

"பையை வாங்கி சன்னல்ல காட்டிப் பார்த்துட்டுத்தான் ஏத்த விட்டாங்களே. இப்ப பக்கத்துக் கட்டில்ல நிக்கிறாங்க. அங்க ஏறுற பை காலையில சார் அனுப்பினது."

"அதை உடனே மூடு, ருக்கு!"

"சொட்டு அப்பவே நின்னுடுச்சு அக்கா." ருக்குமணியின் குரல் தாழ்ந்தது. "குழாய அவங்க நசுக்கிப் புடிச்சிருக்காங்க. விட மாட்டேங்கிறாங்க. ரொம்பக் கோவமா இருக்காங்க."