கானாங்கோழியைக் கூப்பிட்ட குரல்

குளக்கரையெல்லாம் பிணங்கள்!

இல்லை... பிணம்கூட மிஞ்சவில்லை. இறகும் காலும்தான்!

டொறீன் குனிந்து ஒரு மஞ்சள் காலை எடுத்தாள். கானாங்கோழிக் கால்.

"மறுபடியும் எவனோ வலை போட்டிருக்கான், ஒஸ்வல்ட்!"

நீர்ப்பறவைச் சங்கத்தின் ஜீப் டிரைவர் ஒஸ்வல்ட் தலையைச் சொறிந்தான்.

"பொலிஸுக்குப் போவோமா மிஸ்?"

"போய்ப் பார்த்தாச்சே! யுத்தம் நடக்குது, கோழிக்கெல்லாம் புகார் எழுதி என்ட்ரி போடணுமான்னு சிரிச்சாங்க!"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 1997. நீர்கொழும்புக் களப்பில், அந்த உப்பங்கழியில், பறவைகளைக் காத்தவளைச் சங்கம் பல்லேகமக் குளத்துக்கு அனுப்பியிருந்தது. வந்த இடத்தில் இழவுதான் எண்ணினாள். இப்படியே போனால் குளத்தில் ஒரு கானாங்கோழியும் மிஞ்சாது.

அப்போது... நாணலுக்குள்ளிருந்து...

"குவாக்! குவாக்! குவாக்!"

"மிஸ்! ஒண்ணு தப்பிச்சிருக்கு!"

இருவரும் பூனை நடை நடந்து நெருங்கினார்கள்.

"ஒஸ்வல்ட்! அசையாதீங்க!"

ஒஸ்வல்ட் அப்படியே நின்றான். ஒற்றைக் காலில்!

ஆனால்... டொறீன் வாயே திறக்கவில்லை!

அவள் குரல் நாணலுக்குள்ளிருந்து வந்திருந்தது!

"மிஸ்... நீங்க இங்க நிக்கிறீங்க... அங்க பேசினது யாரு?"

டொறீன் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு புரிந்தது. போன வருடம் களப்பில் அவள் பதிந்த கேசட்! அந்தக் கூவலைப் போட்டால், வேறு கோழி தன் எல்லைக்குள் புகுந்துவிட்டதென்று கானாங்கோழி சண்டைக்கு ஓடிவரும். எண்ணிக்கொள்ளலாம். வலை விரித்தும் பிடிக்கலாம்! நடுவே ஒஸ்வல்ட்டை அவள் அதட்டியதும் பதிவாகியிருந்தது. அதை ஒரே ஒருவரிடம்தான் கொடுத்திருந்தாள்.

நாணலை விலக்கினாள். டேப் ரெக்கார்டரும் வலையுமாகக் குந்தியிருந்தான் ஊர்க்காரன் கபிரியேல்.

"கேசட் யாரு குடுத்தா?"

"அடிக்காதீங்க மிஸ்! நோபர்ட் சேர்தாங்க... பலாபத்வலயில அவரு கெஸ்ட் ஹவுஸ் விருந்துக்குப் புடிச்சிட்டு வரச் சொன்னாரு!"

நோபர்ட்... சங்கத்தின் தலைவர்! கேசட்டை அவள் நம்பிக் கொடுத்ததும் அவரிடம்தான்!

"ஏத்துங்க இவனை ஜீப்புல!"

பொலிஸில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சிங்களவரானாலும் சார்ஜனுக்குத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. ஆளனுப்பி நோபர்ட்டை வரவழைத்தார். வெள்ளைச் சட்டை கசங்காமல் வந்து உட்கார்ந்த நோபர்ட், கபிரியேலை ஒரு பார்வை பார்த்தார். ஒரே பார்வை!

"இப்ப சொல்லு. யாரு குடுத்தா?" சார்ஜன் கேட்டார்.

"இந்த... மிஸ்தாங்க."

"பொய்!" டொறீன் மேசையில் அறைந்தாள். "ஒஸ்வல்ட்! நீங்களும் கேட்டீங்கதானே?"

ஒஸ்வல்ட் கூரையைப் பார்த்தான். சம்பளம் கொடுப்பவர் நோபர்ட்!

சார்ஜன் கேசட்டை ஓடவிட்டார்.

"இது யாரோட குரல்?"

"என்னோடதுதான்! ஆனா சேர்..."

"நோபர்ட் சேர் குரல் இதுல எங்கயாவது இருக்கா?"

"இல்ல..."

நோபர்ட் உச்சுக் கொட்டினார். "சங்கத்துக்கே அவமானம். நல்ல புள்ளைன்னு நம்பினேனே!"

ஒருவழியாகக் கோழிக்கு என்ட்ரி விழுந்தது... குற்றவாளி டொறீன் என்று!

"ஒங்க பக்கம் சாட்சி இருந்தா கூப்பிடுங்க மிஸ்," என்றார் சார்ஜன்.

டொறீன் நோபர்ட்டின் தொப்பையைப் பார்த்தாள்.

"கூப்பிட்டதும் ஓடி வர்ற சாட்சிங்கதான் சேர்... என்ன செய்ய, எல்லாத்தையும் நோபர்ட் சேர் தின்னுட்டாரே!"